ஒரு யூனிட் மின்சாரத்தின் முழுக் கணக்கு: நூற்பாலை ஒன்றுக்காக இந்திய மின் கலவையை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே இயங்கும் நடுத்தர நூற்பாலை ஒன்று பின்னலாடைக்கான கோம்டு பருத்தி நூல் தயாரிக்கிறது. அதனிடம் நூல் வாங்கும் ஆடை ஏற்றுமதியாளருக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கோரிக்கை அனுப்பியது. ஒரு கிலோ நூலுக்கு ஆகும் சுற்றுச்சூழல் பாதிப்பை, ஐஎஸ்ஓ 14040, 14044 தர முறைகளின்படி, வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடாக, அதாவது மூலப்பொருளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டத்தின் பாதிப்பையும் கூட்டி, கணக்கிட்டுத் தர வேண்டும் என்பதே அது. ஆலை நிர்வாகம் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. அந்நிறுவனம் தயாரித்த வரைவை வெளியிலிருந்து சரிபார்க்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது.

பருத்தி விளையும் வயலை ஒதுக்கிவிட்டு, பஞ்சுப் பொதி ஆலைக்குள் நுழைவதிலிருந்து நூல் கோனாக வெளியேறும் வரை மட்டும் பார்த்தால், பாதிப்பின் பெரும்பகுதி மின்சாரத்திலிருந்தே வருகிறது. புளோ ரூம், கார்டிங், கோம்பர், சிம்ப்ளக்ஸ், ரிங் பிரேம், ஆட்டோகோனர், இவற்றோடு ஈரப்பதத்தைக் காக்கும் காற்றாடிகள் என எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆலைக்காரர்கள் யுகேஜி என்று சொல்லும் கணக்கு, அதாவது ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பது, ஒவ்வொரு ஷிப்டிலும் மீட்டரிலிருந்து எடுத்து எழுதப்பட்டிருந்தது. ஆகவே எத்தனை யூனிட் என்பதில் ஐயம் இல்லை. அந்த ஒவ்வொரு யூனிட்டும் சுரங்கத்தில் தொடங்கி ஆலையின் மின்மாற்றி வரை வந்து சேர்வதற்குள் எவ்வளவு பாதிப்பை உண்டாக்கியிருக்கிறது என்பதில்தான் பணி முழுவதும் சிக்கிக்கொண்டது.

முதல் வரைவில் கண்டவை

ஆலோசனை நிறுவனத்தின் வரைவு, இந்திய மின்சாரத்தின் பசுமை இல்ல வாயு வெளியீடு யூனிட்டுக்கு ஏறக்குறைய 450 கிராம் என்று காட்டியது. இந்திய மின் துறையோடு சற்றே பழக்கம் உள்ளவருக்கும் இது மிகக் குறைவு என்று உறுத்தும். கணக்குத் தாளைத் திறந்து பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. ஒவ்வொரு எரிபொருளுக்கும் கொடுக்கப்பட்டிருந்த பங்கு, உற்பத்தியான மின்சாரத்தின் பங்கு அல்ல. நிறுவு திறனின், அதாவது நிலையங்கள் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்சக்தியின், பங்கு.

2024 மார்ச் இறுதியில் நாட்டின் மொத்த நிறுவு திறன் சுமார் 442 ஜிகாவாட். அதில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் சேர்ந்து ஏறக்குறைய 218 ஜிகாவாட், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. சூரிய மின் திறன் 82 ஜிகாவாட்டை ஒட்டியும், காற்றாலைத் திறன் 46 ஜிகாவாட்டை ஒட்டியும் இருந்தன. ஆனால் 2023-24 நிதியாண்டில் உண்மையில் உற்பத்தியான சுமார் 1,740 பில்லியன் யூனிட்டுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. சூரிய ஒளியின் பங்கு 7 சதவீதத்தையும் காற்றின் பங்கு 5 சதவீதத்தையும் ஒட்டியே நின்றன. சூரியத் தகடு இரவில் உற்பத்தி செய்யாது, காற்றாலை பருவம் பார்த்தே சுழலும், அனல்மின் நிலையமோ இரவு பகலாக ஓடுகிறது. திறன் பட்டியலை வைத்து மின் கலவையை, அதாவது எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பதை, கணக்கிடுவது, எரிக்கப்பட்ட நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

இந்தத் தவறு அரிதானதல்ல. அமைச்சக அறிக்கைகளிலும் செய்திகளிலும் முன்னிறுத்தப்படுவது பெரும்பாலும் திறன் எண்கள்தான். தேடுபவர் கையில் முதலில் கிடைப்பதும் அவையே. எனவே வரைவைத் திருப்பி அனுப்பும்போது, பங்குகளை உற்பத்தி அடிப்படையில் மாற்ற வேண்டும் என்பதோடு, எந்த ஆண்டின் எந்த அட்டவணை என்பதையும் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும் என்று கேட்டோம்.

இரண்டாவது கணக்கு

திருத்திய கணக்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய 627 கிராம் என்று வந்தது. இதில் பங்குகள் சரியாக இருந்தன. ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் எடுத்துக்கொண்ட மதிப்புகள், காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் வெளியிட்ட இடைநிலை மதிப்புகள்: நிலக்கரிக்கு 820 கிராம், கூட்டுச் சுழற்சி எரிவாயுவுக்கு 490, பெரிய சூரிய மின் நிலையங்களுக்கு 48, நீர்மின்சாரத்துக்கு 24, அணுமின்சாரத்துக்கு 12, நிலக் காற்றாலைக்கு 11. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை. ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர், இதற்குமேல் நம்பகமான ஆதாரம் எதுவும் இருக்க முடியாது என்று வாதிட்டார்.

இங்கே ஒரு எளிய சோதனை உதவியது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்திய மின் கட்டமைப்பின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டுக் காரணியை வெளியிடுகிறது. 2023-24க்கான சராசரி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் உள்ளடக்கி, மெகாவாட்-மணிக்கு 0.727 டன், அதாவது யூனிட்டுக்கு 727 கிராம். இது எரிபொருளை எரிக்கும்போது புகைபோக்கி வழியே வெளியேறுவது மட்டுமே. சுரங்கம், சரக்கு ரயில், சிமென்ட், எஃகு, தகடு தயாரிப்பு எதுவும் இதில் அடங்காது. அப்படியிருக்க, இவை அனைத்தையும் சேர்த்ததாகச் சொல்லும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பு 627 என்றால், பகுதி முழுமையைவிடப் பெரிதாகிவிடுகிறது. இரண்டில் ஒன்று பிழையாக இருக்க வேண்டும்.

பிழை இடைநிலை மதிப்பில் இல்லை. அதை இந்திய நிலக்கரி மீது அப்படியே பொருத்தியதில் இருந்தது. ஆணையத்தின் 727 கிராமிலிருந்து எரிவாயுவின் சிறு பங்கைக் கழித்துவிட்டு, எஞ்சியதை நிலக்கரியின் பங்கால் வகுத்தால், எரிப்பு மட்டுமே யூனிட்டுக்கு 950 கிராமைத் தாண்டுகிறது. இந்திய நிலக்கரியின் சாம்பல் அளவு பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம். வெப்ப மதிப்பு குறைவு என்பதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. அதை அரைக்கவும், உலைக்குள் ஊதவும், சாம்பலை வெளியேற்றவும் நிலையமே தன் உற்பத்தியில் ஒரு பங்கைச் செலவிட்டுவிடுகிறது. பழைய அலகுகள் பலவற்றின் செயல்திறனும் குறைவு.

ஆகவே எடுத்த முடிவு இது: எரிப்புக்கு உள்நாட்டுக் காரணியையே அடித்தளமாகக் கொள்வது, அதன்மேல் சுரங்கம், கட்டுமானம் போன்றவற்றின் பாதிப்புகளைத் தனித்தனியாக ஏற்றுவது. பன்னாட்டுக் குழுவின் அதே அட்டவணையில் நிலக்கரிக்கான 820 கிராம் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. அதில் சுரங்க மீத்தேனுக்கு 47 கிராமும், கட்டுமானத்துக்கும் விநியோகச் சங்கிலிக்கும் ஏறக்குறைய 10 கிராமும் அடங்கும். இந்த 57 கிராமை நிலக்கரியின் பங்கால் பெருக்கினால் கலவையில் 42 கிராம் சேர்கிறது. சூரியன், காற்று, நீர், அணு ஆகியவற்றின் கட்டுமானச் சுமை அனைத்தும் சேர்ந்து 6 கிராம் அளவே. மின் நிலைய வாசலில் ஒரு யூனிட்டின் மதிப்பு ஏறக்குறைய 775 கிராம் ஆயிற்று. இந்தியச் சுரங்கங்களில் பெரும்பாலானவை திறந்தவெளிச் சுரங்கங்கள். ஆழச் சுரங்கங்களைவிட அவற்றில் டன்னுக்கு மீத்தேன் குறைவு. ஆனால் ஒரு யூனிட்டுக்குத் தோண்டியெடுக்கும் நிலக்கரி அதிகம். இவ்விரண்டும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது உறுதிப்படாததால், 42 கிராமை வரம்புடன் கூடிய மதிப்பாகவே அறிக்கையில் எழுதச் சொன்னோம்.

மாநிலமா, நாடா?

ஆலையின் மின் பொறியாளர் எழுப்பிய கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் அதிகம். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டு ஓடுகின்றன. அப்படியிருக்க, ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் எரியும் நிலக்கரியின் சுமையை எங்கள் நூலின்மீது ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டார்.

தென்மண்டல மின் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகப் பிற மண்டலங்களுடன் ஒத்தியங்கத் தொடங்கியது. அதன்பின் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் ஒரே கட்டமைப்பு. அதற்கும் முன்பே ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் உயரழுத்த நேர்மின் பாதை தெற்கே மின்சாரம் கொண்டுவந்துகொண்டிருந்தது. காற்று அடங்கிய மாலை நேரத்தில் நூலை முறுக்கும் ரிங் பிரேம் சுழல்வது எந்த மாநிலத்து உலையால் என்று பிரித்துச் சொல்ல இயலாது. மாநில எல்லைக்குள் உற்பத்தியாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். இதனால் தேசியக் கலவையே அடிப்படை மதிப்பு என்று முடிவாயிற்று. மாநிலக் கலவை, முடிவுகள் எவ்வளவு அசைகின்றன என்று பார்ப்பதற்கான துணைக் கணக்காக வைக்கப்பட்டது.

இழப்பு

மின் நிலைய வாசலில் 775 கிராமாக இருந்த யூனிட், ஆலையின் மீட்டரை அடையும்போது என்னவாகிறது என்பதிலும் ஒரு சறுக்கல் இருந்தது. வரைவில் மொத்தத் தொழில்நுட்ப-வணிக இழப்பு என்னும் எண்ணை எடுத்துக் கையாண்டிருந்தார்கள். மின் விநியோக நிறுவனங்களின் நிதிநிலையை அளக்க உருவான எண் அது. கட்டணம் வசூலாகாத மின்சாரமும், கணக்கில் வராமல் பயன்படுத்தப்பட்ட மின்சாரமும் அதில் அடங்கும். திருடப்பட்ட மின்சாரம் வீணானதல்ல, வேறு எங்கோ ஒரு விளக்கை எரித்திருக்கிறது. அதன் பாதிப்பை நூற்பாலையின் கணக்கில் ஏற்றுவது பொருந்தாது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டுக்கு வேண்டியது கம்பியிலும் மின்மாற்றியிலும் வெப்பமாகக் கரைந்துபோகும் இழப்பு மட்டுமே.

அதோடு, ஆலை உயரழுத்த இணைப்பில் மின்சாரம் பெறுகிறது. தெருமுனை மின்மாற்றியைத் தாண்டிக் குறைந்த அழுத்தக் கம்பிகளில் நிகழும் இழப்பு அதற்குப் பொருந்தாது. 22 கிலோவோல்ட் நிலை வரையிலான இழப்பாக 8 சதவீதம் என்னும் அனுமானத்தை, அது அனுமானம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, எடுத்துக்கொண்டோம். ஆலை வாசலில் மதிப்பு ஏறக்குறைய 840 கிராம் ஆனது. ஒரு கிலோ நூலுக்கு 4 யூனிட் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், முதல் வரைவு 1.8 கிலோ என்று காட்டிய அதே நூலின் மின்சாரச் சுமை இப்போது 3.36 கிலோ. நூலில் எதுவும் மாறவில்லை, ஆலையிலும் எதுவும் மாறவில்லை.

கார்பனைத் தாண்டி

வாடிக்கையாளர் கேட்டிருந்தது கார்பன் மட்டுமல்ல. மண்ணும் நீரும் அமிலமாதல், நுண்துகள், நீர்ப் பயன்பாடு, கனிம வளக் குறைவு ஆகியவையும் பட்டியலில் இருந்தன. என் பார்வையில் இந்த ஆய்வின் மிக முக்கியமான பகுதி இதுதான். கார்பன் காற்றில் கலந்து உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. சாம்பலும் கந்தகமும் அனல்மின் நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்கள் மேல்தான் முதலில் விழுகின்றன.

வரைவு பயன்படுத்திய மென்பொருள் மாதிரியில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் கந்தக நீக்கக் கருவி பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்ளப்பட்டிருந்தது. ஐரோப்பிய நிலையத்தைப் பார்த்து எழுதப்பட்ட மாதிரி அது. இந்தியாவில் 2015 டிசம்பரில் சல்பர் டை ஆக்சைடுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அப்பால் உள்ள பெரும்பாலான நிலையங்களுக்கு அக்கருவி கட்டாயமில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 0.7 கிலோ நிலக்கரியில் 0.5 சதவீதம் கந்தகம் என்று கொண்டாலும் 3.5 கிராம் கந்தகம் எரிகிறது. அது ஏறக்குறைய 7 கிராம் சல்பர் டை ஆக்சைடாக வெளியேறும். கருவி இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே வெளியே வரும். மென்பொருள் மாதிரியின் அந்த ஒரு வரியை மாற்றியதும் அமிலமாதல் மதிப்பு பலமடங்கு உயர்ந்தது. கந்தகம் காற்றில் சல்பேட் துகளாக மாறுவதால் நுண்துகள் மதிப்பும் சேர்ந்தே ஏறியது.

சாம்பலைப் பொறுத்தவரை, 0.7 கிலோ நிலக்கரியில் 35 சதவீதம் சாம்பல் என்றால், நிலக்கரியில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய கால் கிலோ சாம்பல். ஆலையின் மின் பொறியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் தம் குறிப்பேட்டை எடுத்து, யுகேஜி எழுதப்பட்ட வரிசைக்குப் பக்கத்தில் அதைப் பெருக்கிப் பார்த்தார். முழுவதும் நிலக்கரி மின்சாரம் என்றால், ஒரு கிலோ நூலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சாம்பல். அந்தச் சாம்பல், ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயிலிலும், அங்கிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலிலும் நிலக்கரியின் உள்ளேயே பயணம் செய்து வருகிறது. எரியாத ஒன்றைச் சுமந்து வருவதற்கும் ஆற்றல் செலவாகிறது.

உலர் சாம்பல் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போவதால் அதற்கு ஈடாக ஒரு தொகையைக் கழிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சாம்பலைப் பயன்படுத்தும் சிமென்ட் ஆலை அதே நன்மையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இருவரும் கழித்தால் ஒரே நன்மை இருமுறை எண்ணப்படும். ஆகவே கழிக்கவில்லை.

நீர்ப் பயன்பாட்டில், குளிரூட்டும் கோபுரம் கொண்ட பழைய நிலையங்களுக்கு மெகாவாட்-மணிக்கு 3.5 கன மீட்டர், அதாவது யூனிட்டுக்கு 3.5 லிட்டர், என்ற வரம்பை எடுத்துக்கொண்டோம். கடல்நீரைக் குளிரூட்டப் பயன்படுத்தும் கடலோர நிலையங்களுக்கு இது பொருந்தாது. அதேபோல் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் எடுக்கப்படும் ஒரு லிட்டரும் ஆறு நிறைந்து ஓடும் இடத்தில் எடுக்கப்படும் ஒரு லிட்டரும் சமமல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக இறைக்கப்படும் நிலத்தடி நீர் தேசியச் சராசரிக்குள் தடமில்லாமல் கரைந்துவிடுகிறது. தெற்கே உள்ள ஓர் ஆலையின் கணக்கில் அது தனியாகத் தெரிய வேண்டும் என்று வலியுறுத்தி ஒரு குறிப்பு சேர்த்தோம்.

கனிம வளக் குறைவில் மட்டும் படம் தலைகீழானது. அங்கே நிலக்கரியைவிடச் சூரியத் தகடுகளின் வெள்ளியும் செம்பும் பெரிய பங்கு வகித்தன.

ஆலையின் சொந்தக் காற்றாலைகள்

தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றைப் போலவே இந்த ஆலைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் சொந்தக் காற்றாலைகள் உண்டு. ஆண்டு மொத்தத்தில் ஆலையின் தேவையில் பாதிக்கு மேல் அவற்றிலிருந்து வருவதாக மின்வாரியக் கணக்கு காட்டியது. அப்படியானால் அந்த யூனிட்டுகளுக்கு 840 அல்ல, 11 கிராமைத்தானே எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். முதலீடு செய்தவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் காற்று மே மாத இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை வீசுகிறது. நூல் ஆண்டு முழுவதும் சுற்றப்படுகிறது. பருவத்தில் உபரியாகும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் பேங்கிங் வசதியில் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்வது பணக் கணக்கு. பிப்ரவரி மாலையில் ஆலை அந்த வரவை எடுக்கும்போது கட்டமைப்பில் எரிவது பெரும்பாலும் நிலக்கரி. இரண்டு நாட்கள் நீடித்த விவாதத்துக்குப் பின், பசுமை இல்ல வாயு நெறிமுறை என்னும் பன்னாட்டுக் கணக்கு முறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்வதைப் போல, இட அடிப்படையிலான (கட்டமைப்பின் சராசரிக் கலவையைக் கொண்ட) மதிப்பையும் ஒப்பந்த அடிப்படையிலான (ஆலைக்கு உரிமையுள்ள மின்சாரத்தைக் கொண்ட) மதிப்பையும் அருகருகே கொடுப்பது என்று முடிவாயிற்று. காற்றாலை யூனிட்டுகளில் எதற்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் (அதன் பசுமைப் பண்பை வேறொருவர் உரிமை கோர வழிசெய்யும் ஆவணம்) விற்கப்படவில்லை என்பதையும், மின்வாரியத்துக்கு விற்ற உபரி கழிக்கப்பட்டது என்பதையும் ஆவணங்களோடு சரிபார்த்த பின்னரே இரண்டாவது மதிப்பு அறிக்கையில் ஏறியது. மாதவாரியாக ஆலையின் நுகர்வையும் காற்றாலை உற்பத்தியையும் காட்டும் ஒரு வரைபடமும் இணைக்கப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

இறுதி அறிக்கையைப் பார்த்த ஏற்றுமதியாளர் முதலில் தயங்கினார். போட்டி ஆலைகள் 450க்கும் 650க்கும் இடைப்பட்ட எண்களைக் கொடுத்திருக்க, இந்த ஆலை மட்டும் 840 என்று எழுதினால் ஆர்டர் கைமாறிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் பொருளற்றதல்ல. ஆகவே அறிக்கையோடு ஒரு பக்க விளக்கம் அனுப்பப்பட்டது: 2023-24ஆம் ஆண்டின் இந்தியக் கலவைக்கான எந்த மதிப்பும் 727க்குக் கீழே வந்தால், அது எரிப்பைக்கூட முழுமையாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதில் சுருக்கமாக எழுதப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு சில கேள்விகள் கேட்டது, முக்கியமாக இழப்பு பற்றியும் கந்தகம் பற்றியும். பதில்களைப் பெற்றபின் அறிக்கையை ஏற்றது. பிற ஆலைகளிடமும் எரிப்புக் காரணியைத் தனி வரியாகக் காட்டும்படி கேட்கத் தொடங்கியிருப்பதாக ஏற்றுமதியாளர் பின்னர் தெரிவித்தார்.

ஆலைக்குள் நடந்தது வேறொன்று. ஒரு யூனிட்டின் மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பானதும், மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் இரட்டிப்பாயிற்று. முன்பு ஒத்திவைக்கப்பட்டிருந்த அழுத்தக் காற்றுக் கசிவுத் தடுப்பும், ஈரப்பதத்தைக் காக்கும் காற்றாடிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவதும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. கூரைச் சூரியத் தகடுகள் பற்றிய முடிவில், வாங்கப்போகும் தகட்டின் சிலிக்கான் எந்த நாட்டு மின்சாரத்தில் உருக்கப்பட்டது என்ற கேள்வியும் விலைப்புள்ளிப் படிவத்தில் சேர்க்கப்பட்டது.

அடுத்த முறை மாற்றப்படுபவை

இப்பணியை மீண்டும் தொடங்கினால், உள்நாட்டு எரிப்புக் காரணியோடு ஒப்பிடும் சோதனை கடைசியில் அல்ல, முதல் நாளிலேயே செய்யப்படும். மென்பொருளில் ஏற்கெனவே அமைந்திருக்கும் அனல்மின் நிலைய மாதிரியைத் திறந்து, சாம்பல் அளவு, கந்தக நீக்கம், குளிரூட்டும் முறை ஆகிய மூன்றையும் இந்திய நிலைமைக்கு மாற்றிய பின்னரே எந்தப் பாதிப்பு வகையும் கணக்கிடப்படும். இழப்புக்கு எடுத்துக்கொண்ட 8 சதவீதத்துக்குப் பதிலாக, ஆலைக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையத்தின் ஊட்டுப் பாதை (ஃபீடர்) அளவீட்டைக் கேட்டு மின்வாரியத்துக்கு ஆலை கடிதம் எழுதியிருக்கிறது. ஆண்டுச் சராசரிக்குப் பதிலாக மாதவாரிக் கலவையைப் பயன்படுத்தும் கணக்கும் தொடங்கப்பட்டுள்ளது. காற்றுப் பருவத்தில் சுற்றிய கோனுக்கும் கோடையில் சுற்றிய கோனுக்கும் வேறு வேறு மதிப்பு எழுதலாமா என்பதை வாடிக்கையாளர் நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் அடுத்த ஆண்டுக் காரணி வெளியானதும் 727 என்ற எண் மாற்றப்பட்டு, அதை அடித்தளமாகக் கொண்ட எல்லா வரிகளும் மீண்டும் கணக்கிடப்படும்.